கந்தூரிக்கு நாகூர் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நாகூர் தர்காவின் ஆண்டுத் திருவிழாதான் கந்தூரி. போன கந்தூரியில் ரயிலைவிட்டு இறங்கிய ஒரு குடும்பம், எதிரே வந்தவர்களிடம் “சந்தனக்கூடு எத்தனை மணிக்கு?” என்று கேட்டது. காலை ஒன்பது மணி. சந்தனக்குடத்தோடு வரும் அந்த அலங்காரத் தேர் ராத்திரியே வந்து, விடிவதற்கு முன்பே சந்தனம் பூசி முடித்தாயிற்று. இருபது வருஷத்துக்கு முன் இதே ஊரில் இதே கேள்வியை, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் கேட்டிருக்கிறேன்.

பர்ஸ் பத்திரம், குழந்தை கையை விடாதே என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதை விடுகிறேன்.

நாளைத் தப்பாக எண்ணுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். தர்காவில் அடங்கியிருக்கும் மகான் நாகூர் ஆண்டவரின் நினைவு நாள், ஜமாதுல் ஆகிர் என்ற இஸ்லாமிய மாதத்தின் பிறை 10. பிறைக் கணக்கில் நாள் விடியலில் பிறப்பதில்லை. முந்தைய நாள் பொழுது சாய்ந்ததுமே பிறந்துவிடும். அன்று இரவு நாகப்பட்டினத்தில் கிளம்பும் கூடு, ஐந்தாறு கிலோமீட்டரை ராத்திரி முழுக்க ஊர்ந்து கடந்து அதிகாலையில் தர்கா வந்து சேரும். வந்ததும் ரவ்லாவில், அதாவது ஆண்டவரின் அடக்கத்தலத்தில், சந்தனம் பூசுவார்கள். உள்ளூர் விடுமுறையோ பெரும்பாலும் மறுநாள். லீவு அன்றைக்குத்தானே விசேஷம் என்று டிக்கெட் எடுத்தால் தீர்ந்தது கதை.

நான் அப்படித்தான் எடுத்தேன். போய் இறங்கியபோது தெருவெல்லாம் மிதிபட்ட பூ. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், தாளில் மடித்து வைத்திருந்த சந்தனத்தில் பாதியை வழித்து அம்மாவின் உள்ளங்கையில் அப்பிவிட்டுப் போனார். திருச்சி வரும்வரை அம்மா அந்தக் கையை விரிக்கவில்லை. பஸ்ஸில் இட்லியை நான்தான் ஊட்டிவிட்டேன்.

நாள்காட்டியையும் நம்பாதீர்கள். பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும். விடுதிக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டார். ‘போன வருஷம் இதே தேதிதானே’ என்பதும் செல்லாது. வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். 2023-இல் ஜனவரியில் ஒரு கந்தூரி, டிசம்பரில் இன்னொன்று.

கந்தூரி தொடங்கும் கொடி ஏறட்டும். அந்த ராத்திரியை ஒன்று என்று விரல்விட்டு எண்ணுங்கள். பத்தாவது ராத்திரி கூடு. 2024-இல் டிசம்பர் 2 கொடி, 11 இரவு கூடு, 12 விடியலில் சந்தனம். கொடி ஏறுவதற்கு முன்பே அறை போட்டாக வேண்டுமென்றால், இரண்டு ராத்திரிக்குச் சேர்த்துப் போடுங்கள்.

கடைசி நேரத்தில் வண்டியில் வருவது

கூடு கிளம்பும் இரவு நாகப்பட்டினம்–நாகூர் சாலைதான் ஊர்வலம். பொழுது சாய்வதற்குள் நாகூருக்குள் வந்துவிடுங்கள். வயதானவர்களைக் கூட்டோடு நடக்க வைக்காதீர்கள். போர்வையோடு தர்காவில் உட்கார வையுங்கள்.

“மினாராகிட்ட நிக்கிறேன்”

எந்த மினாரா? அங்கே ஐந்து இருக்கின்றன. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிய 131 அடி மினாராவைச் சொன்னாலும், அதன் அடியில் ஆயிரம் பேர் நிற்பார்கள். செல்போனும் அன்றைக்குத் திணறும். ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஷிஃபா குட்டை

தர்காவின் குளம் இது. கூடு வருவதற்கு முந்தைய நாளே முழுகிவிடுங்கள்.

அல்வா

ஊருக்குக் கிளம்பும்போது வாங்கினால் போதும். இறால் வாடாவை மட்டும் எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே நின்று தின்றுவிட வேண்டும். பொட்டலம் கட்டினால் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் நமுத்துப்போகும்.