சில்லறை இறைச்சியில் மருந்தெதிர்ப்பு பாக்டீரியாக்களைக் கண்காணிக்கும் முறை

கடைகளில் விற்கும் இறைச்சியை ஆண்டுதோறும் வாங்கி, ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் அதில் எந்த அளவில் உள்ளன என்று கண்காணிப்பது, அந்த இறைச்சி விற்பனைக்குத் தகுதியானதா என்று தீர்ப்புச் சொல்வதற்காக அன்று. பண்ணையில் கால்நடைகளுக்குக் கொடுக்கும் மருந்தின் விளைவு உணவு வழியாக மனிதரை எட்டும் பாதையில், நுகர்வோருக்கு மிக அருகில் உள்ள இடத்தில் என்ன மாறுகிறது என்று அறிவதே அதன் நோக்கம். ஆகவே, சென்ற ஆண்டின் எண்ணையும் இந்த ஆண்டின் எண்ணையும் ஒப்பிட முடியாமல் போகும் எந்த மாற்றத்தையும் முறையில் செய்யக் கூடாது. இத்தகைய கண்காணிப்புத் திட்டங்களான டென்மார்க்கின் டான்மாப் 1995 முதலும் அமெரிக்காவின் நார்ம்ஸ் 1996 முதலும் இயங்குகின்றன. பின்னதில் சில்லறை இறைச்சி 2002இல் சேர்ந்தது.

முதலில் எந்த பாக்டீரியாவைத் தேடுவது என்று முடிவு செய்ய வேண்டும். நோயை உண்டாக்குவதால் சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் முக்கியமானவை. ஆனால் சால்மோனெல்லா பெரும்பாலும் குறைந்த மாதிரிகளிலேயே கிடைப்பதால், அதை மட்டும் வைத்துப் போக்கைக் கணிப்பது கடினம். நிதி குறைவு என்றால், பச்சைக் கோழி இறைச்சியில் எளிதில் கிடைக்கும் குடல் பாக்டீரியாவான ஈ.கோலையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

கடைகளின் முழுப் பட்டியலிலிருந்து, மக்கள்தொகைக்கு ஏற்பப் பகுதிகளைப் பிரித்து, குலுக்கல் முறையில் கடைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அருகில் இருப்பதாலேயே ஒரு கடையை எடுப்பது முடிவைச் சாய்த்துவிடும். வாங்கும் வேலையை ஆண்டு முழுவதும் பரப்பினால் பருவ வேறுபாடும் பதிவாகும். 300 ஈ.கோலைகளைச் சோதித்து அவற்றில் பாதி எதிர்ப்புள்ளவை என்று கண்டால், 95 விழுக்காடு நம்பிக்கையில் பிழை ஏறத்தாழ 6 புள்ளிகள் முன்பின்னாக இருக்கும். எந்த வெட்டு, தோலுடனா, முன்பு உறைந்திருந்ததா, எங்கிருந்து வந்தது, வாங்கிய நாள் ஆகியவற்றைக் கடையிலேயே பதிய வேண்டும். உறைய வைத்தால் கேம்பைலோபாக்டரின் எண்ணிக்கை சரிந்துவிடும் என்பதால், மாதிரி குளிர்ச்சியாக, ஆனால் உறையாமல் ஆய்வகத்தைச் சேர வேண்டும்.

ஈ.கோலைக்கு, 25 கிராம் இறைச்சியை 225 மில்லிலிட்டர் பெப்டோன் நீரில் (பாக்டீரியாவை வளர்க்கும் சத்துத் திரவம்) கலந்து, 37 டிகிரி செல்சியஸில் 18 முதல் 22 மணி நேரம் வைத்து, அதிலிருந்து ஒரு வளைய அளவு எடுத்து மெக்கான்கி அகார் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் கீற வேண்டும். மறுநாள் தெரியும் இளஞ்சிவப்புக் காலனிகளில் (பாக்டீரியா பெருகி உண்டான புள்ளிகளில்) ஒன்றை எடுத்து, அது ஈ.கோலைதானா என்று உறுதி செய்த பிறகே மருந்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதிரியிலிருந்து பல காலனிகளை எடுத்தால், ஒரே பாக்டீரியாவின் நகல்களைப் பலமுறை எண்ணியதாகிவிடும்.

இதே திரவத்தை, லிட்டருக்கு 1 மில்லிகிராம் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் கலந்த இன்னொரு தட்டிலும் கீறுவது வழக்கம். அந்த மருந்தைத் தாங்குபவை மட்டுமே அங்கு வளரும். பெரும்பாலான குழப்பம் பிறப்பது இங்கேதான். ஒரு கற்பனைக் கணக்கு: 300 மாதிரிகளில் 240இன் சாதாரணத் தட்டில் ஈ.கோலை கிடைத்து, அப்படி எடுத்த 240 காலனிகளில் 12 செஃபோடாக்சிமை எதிர்த்தால் அது 5 விழுக்காடு. மருந்து கலந்த தட்டில் 120 மாதிரிகள் வளர்ச்சி காட்டினால் அது 40 விழுக்காடு. முதல் எண், இறைச்சியில் உள்ள ஈ.கோலைகளில் எதிர்ப்புள்ளவற்றின் பங்கைச் சொல்கிறது; இரண்டாவது, அத்தகைய பாக்டீரியா ஒன்றேனும் உள்ள மாதிரிகளின் பங்கைச் சொல்கிறது. இரண்டும் உண்மையே என்றாலும், ஒரே வரைபடத்தில் இவற்றை அடுத்தடுத்து வைத்தால் தவறான அச்சமோ தவறான ஆறுதலோதான் மிஞ்சும்.

மருந்துச் சோதனையில், இருமடங்காக ஏறும் மருந்துச் செறிவுகளில் எது வளர்ச்சியை நிறுத்துகிறது என்று அளக்கிறோம். ஒவ்வொரு தொகுதியுடனும் ஏடிசிசி 25922 என்ற தரக்கட்டுப்பாட்டு ஈ.கோலையையும் சோதித்து, அதன் அளவு வரம்பு மீறினால் அந்தத் தொகுதி முழுவதையும் தள்ள வேண்டும். முடிவை எந்த அளவுகோலால் படித்தோம் என்பதையும் எழுத வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கில் லிட்டருக்கு 0.125 மில்லிகிராமில் வளர்ச்சி நின்றுவிடும் ஈ.கோலை, நோயாளிக்கு அந்த மருந்து பலிக்குமா என்று சொல்லும் ஐரோப்பியச் சிகிச்சை வரம்பின்படி மருந்துக்குக் கட்டுப்படுவது; ஆனால் இயல்பான ஈ.கோலைகளின் எல்லையான 0.06ஐ வைத்துப் பார்த்தால் அது ஏற்கெனவே விலகியது. கண்காணிப்புக்கு இரண்டாவது அளவுகோலே ஏற்றது, ஏனெனில் மாற்றத்தின் தொடக்கத்தை அது முன்கூட்டியே காட்டுகிறது.

அறிக்கையில் பண்ணை மருந்துப் பயன்பாடும் நோயாளிகளிடமிருந்து கிடைத்த பாக்டீரியாக்களின் முடிவுகளும் அருகருகே இருக்க வேண்டும். கனடாவின் கியூபெக்கில் குஞ்சு பொரிப்பகங்கள் 2005இல் செஃப்டியோஃபர் மருந்தைத் தாமாக நிறுத்தியதும், கடைக் கோழியிலும் மனிதரிடமும் அதை எதிர்க்கும் சால்மோனெல்லா ஹைடல்பெர்க் என்ற வகை சேர்ந்தே குறைந்தது தெரிந்தது, இரு தரவுகளையும் ஒரே அமைப்பு திரட்டியதால்தான்.

அறிக்கை வெளியான பிறகும் பாக்டீரியாக்களைக் கிளிசராலில் கலந்து, கழித்தல் 80 டிகிரியில், கடைப் பதிவின் எண்ணோடு பாதுகாக்க வேண்டும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் திறன் தரும் எம்சிஆர்-1 மரபணு சீனாவிலிருந்து 2015 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது, டென்மார்க் ஆய்வாளர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த மரபணுத் தொடர்களில் தேடி, 2012 முதல் 2014 வரை இறக்குமதியான கோழி இறைச்சியிலிருந்து பிரித்த ஈ.கோலைகளிலும் அது இருந்ததைச் சில வாரங்களில் கண்டுபிடித்தனர்.