சிறு அளவு போதைப்பொருள் வழக்கில் சிகிச்சை வழியைத் திறப்பது எப்படி: குமரி மாவட்டப் பணியாளர்களுக்கு

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை, அதாவது நீதிமன்ற வளாகத்தில் என்.டி.பி.எஸ். என்று சொல்லப்படும் சட்டத்தை, நம்மில் பெரும்பாலோர் தண்டனைச் சட்டமாக மட்டுமே படித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் அதன் 39ஆவது பிரிவும் 64-ஏ பிரிவும், போதைக்கு அடிமைப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கு அனுப்புவதற்கென்றே எழுதப்பட்டவை. இந்தப் பிரிவுகள் தாமாக உயிர் பெறுவதில்லை. வழக்குப் பதிவான முதல் வாரத்திலேயே ஒருவர் பொறுப்பெடுத்து ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கினால்தான் அவை நடைமுறைக்கு வரும். அந்த ஒருவர் இளம் வழக்கறிஞராகவோ, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராகவோ, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவோ இருக்கலாம். அவருக்காகவே இது எழுதப்படுகிறது.

முதலில் தடுக்க வேண்டியது, “ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்” என்ற ஆலோசனையைத்தான். கஞ்சாவில் சிறு அளவு என்பது ஒரு கிலோ வரை. அதை வைத்திருந்ததற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத்தோடு முடிந்தால் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. ஆனால் அது குற்றத் தீர்ப்புதான். அதே அளவு தண்டனைக்குரிய குற்றத்தில் அந்தப் பிள்ளை மீண்டும் சிக்கினால், 31ஆவது பிரிவின்படி அதிகபட்சச் சிறைக்காலம் ஒன்றரை மடங்காகிவிடும். வளைகுடா வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த நம் மாவட்டத்தில், காவல் துறையின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும்போது அந்தத் தீர்ப்பு எழுந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அபராதம் கட்டியவர் மறுநாளும் அதே போதையோடுதான் இருக்கிறார்.

அடுத்து, முதல் தகவல் அறிக்கையையும், பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதப்படும் கைப்பற்றுதல் மகஜரையும் அருகருகே வைத்து எடையைப் பாருங்கள். இதில் அவசரம் கூடாது. பாலித்தீன் கவரோடு நிறுத்தார்களா, கவரை நீக்கி நிறுத்தார்களா என்பது மகஜரில் தெளிவாக இருக்க வேண்டும். சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப் பகுதி. அந்த நுனி சேர்ந்திராத தனி இலையும் விதையும் கஞ்சா ஆகாது. மகஜரில் 1.050 கிலோ என்று எழுதியிருந்து, கவரும் வெறும் இலைகளும் அதில் சேர்ந்திருந்தால், வழக்கின் தலையெழுத்தே அங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோவைத் தாண்டியதும் தண்டனை பத்தாண்டு வரை உயர்கிறது, விசாரணை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகிறது, 64-ஏயும் 39ஆவது பிரிவும் கைக்கு எட்டாமல் போய்விடுகின்றன. ஆகவே தடய அறிவியல் ஆய்வக அறிக்கை வரும்வரை காத்திராமல், 52-ஏ பிரிவின் கீழ் நடுவர் முன்னிலையில் பட்டியல் தயாரித்து மாதிரி எடுக்கும் கட்டத்திலேயே இந்த ஐயத்தை எழுத்தில் எழுப்ப வேண்டும்.

கஞ்சா அல்லாத பொருள்களில் எல்லை மிகக் குறுகியது. ஹெராயினுக்கு 5 கிராம், மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராம், எக்ஸ்டசி மாத்திரைகளில் உள்ள எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம் வரைதான் சிறு அளவு. கலப்படப் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று ஹிரா சிங் வழக்கில் 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், ஓரிரு மாத்திரைகளே ஒருவரைச் சிகிச்சை வழியிலிருந்து வெளியே தள்ளிவிட முடியும். இந்தக் கணக்கு நோயாளியையும் வியாபாரியையும் பிரித்துப் பார்க்க உதவவில்லை என்பதும், இதை மாற்றச் சொல்லி நாம் தொடர்ந்து எழுத வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. ஆனால் கையில் உள்ள வழக்கை இருக்கும் சட்டத்தை வைத்துத்தான் நடத்த முடியும்.

காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கண்டு குடும்பத்தார் சோர்ந்துபோவதுண்டு. இந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற புலனாய்வு அதிகாரிகளிடம் தரும் ஒப்புதலைச் சான்றாக ஏற்க முடியாது என்று டூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இனி மருத்துவப் பக்கம். 64-ஏ பிரிவு எல்லாப் பயனாளருக்கும் பொருந்தாது. போதைப்பொருளைச் சார்ந்து வாழும் நிலைக்கு வந்துவிட்டவருக்கே பொருந்தும். எனவே மருத்துவச் சான்றில் “கஞ்சா பழக்கம் உண்டு” என்ற ஒரு வரி போதவே போதாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வெளிநோயாளி சீட்டுப் போட்டு, மனநல மருத்துவர் முழுமையாகப் பரிசோதித்து, சார்பு நிலை இருந்தால் அதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 நோய் வகைப்பாட்டில் கஞ்சா சார்புக்கு எஃப்12.2 என்பது குறியீடு. எத்தனை ஆண்டுப் பழக்கம், நிறுத்தினால் என்ன தொந்தரவு வருகிறது, வேலையும் படிப்பும் எப்படிக் கெட்டன என்ற விவரங்கள் நோயாளி வரலாற்றில் இடம்பெற வேண்டும். இல்லாத நோயை எழுதித்தரச் சொல்லி மருத்துவரை ஒருபோதும் வற்புறுத்தக் கூடாது. சார்பு நிலைக்கு வராதவரின் வழக்கை வேறு வழியில்தான் நடத்த வேண்டும்.

எந்த இடத்தில் சிகிச்சை என்பதும் சட்டக் கேள்விதான். அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துகிற, அல்லது அவை அங்கீகரித்த மருத்துவமனை அல்லது நிறுவனம் என்று பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நம் ஊர்களில் பிள்ளையை முதலில் ஜெபவீட்டுக்கோ தியான மையத்துக்கோ அழைத்துச் செல்வது வழக்கம். அதிலிருந்து சிலருக்குப் பிறக்கும் மனத்தெம்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அங்கே தங்கிய நாள்களை 64-ஏ பிரிவின் கீழ் சிகிச்சையாகக் காட்ட முடியாது. பங்குத்தந்தையிடமும் சேகர குருவிடமும் இதை விளக்கி, தியானத்தோடு சேர்த்து ஆசாரிப்பள்ளத்துக்கும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்வதே நல்லது.

தனியார் போதை மீட்பு மையத்தைத் தேர்ந்தால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அது பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளும் அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருவதால், இத்தகைய மையங்கள் பதிவு பெற்றே ஆகவேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி மாண்டதை நாம் மறக்கக் கூடாது. இன்று எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 95ஆவது பிரிவு தடை செய்கிறது. கட்டாயமாக மொட்டையடிப்பதற்கு எதிரான உரிமையை 20ஆவது பிரிவு தருகிறது. மையத்துக்குள் போய் நோயாளிகளின் தலையையும் கணுக்காலையும் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

64-ஏ பிரிவில் உயிர்நாடியான நிபந்தனை, தானே முன்வந்து சிகிச்சை கேட்பது. நள்ளிரவில் வேன் வரவழைத்து மகனைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்த்த பெற்றோரின் தவிப்பு புரிந்துகொள்ளக்கூடியதுதான். இருந்தாலும் அப்படிச் சேர்த்த ஆவணம் நீதிமன்றத்தில் இந்த நிபந்தனையை நிறைவு செய்யாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 86ஆவது பிரிவின்படி அவரே விண்ணப்பித்து, அவரே கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவத்தின் நகலைப் பெறுங்கள். பிறர் துணையோடு சேர்க்கும் 89ஆவது பிரிவின் வழியே சேர்க்கப்பட்டிருந்தால், உடல்நிலை தெளிந்தபின் அவருடைய சொந்த ஒப்புதலை எழுத்தில் பெற்று இணைக்க வேண்டும்.

வழக்கு நடவடிக்கையிலிருந்து 64-ஏ தரும் பாதுகாப்பைக் கேட்கும் மனுவைச் சுருக்கமாக எழுதுங்கள். குற்ற எண், கைப்பற்றிய எடை, அது சிறு அளவுக்குள் அடங்குவது, சார்பு நிலைச் சான்று, தாமாகச் சேர்ந்த தேதி, சிகிச்சைத் திட்டம் ஆகியவை போதும். சிகிச்சை முடிந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியும், தொடர் சிகிச்சையில் இருந்தால் ஒவ்வொரு வருகைக்குமான சீட்டும் இணைக்கப்பட வேண்டும். மனு ஏற்கப்படாமல் விசாரணை நடந்து குற்றம் உறுதியானாலும் கதவு மூடிவிடுவதில்லை. அந்நிலையில் 39ஆவது பிரிவைக் கேளுங்கள்: குற்றவாளியின் சம்மதத்தோடு, சிறைத் தண்டனை விதிக்காமல், பிணைப்பத்திரம் பெற்றுக்கொண்டு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்கு அனுப்பி, ஓராண்டுக்குள் அறிக்கை கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பதினெட்டு வயது நிறைந்தவர் சிறு அளவு கஞ்சா வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்டால், பொதுவான நன்னடத்தைச் சட்டத்தின் பலனை 33ஆவது பிரிவு மறுத்துவிடுவதால், இந்த 39ஆவது பிரிவே அவருக்கு மிஞ்சும் ஆதரவு.

சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் 64-ஏ தரும் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்பதைக் கடற்கரை ஊர்களில் பணியாற்றுவோர் மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து இளைஞர் ஒருவர் ஆழ்கடல் விசைப்படகில் ஏறிவிட்டால் வாரக்கணக்கில் கரை திரும்பமாட்டார். மறுபரிசோதனைத் தேதி கடந்துபோகும். அதைச் சிகிச்சையைக் கைவிட்டதாக அரசுத் தரப்பு காட்டும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், அவசரமில்லாத நிலையில் உள்நோயாளி சிகிச்சையை அந்த இரண்டு மாதத்துக்குள் வைத்துக்கொள்ள மருத்துவரிடம் பேசலாம். கிழக்குக் கடற்கரைப் பகுதியில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகு புறப்படும் முன்பே மருத்துவரைப் பார்த்து, அடுத்த வருகையைக் கரை திரும்பும் நாளுக்கு மாற்றி எழுதி வாங்க வேண்டும். ரப்பர் வெட்டுத் தொழிலாளிக்கோ விடியற்காலை வேலை. காலை எட்டு மணிக்கு ஆசாரிப்பள்ளத்தில் வரிசையில் நிற்கச் சொல்வது ஒரு நாள் கூலியை இழக்கச் சொல்வதற்குச் சமம். இதையும் மருத்துவரிடம் எடுத்துச் சொன்னால் வருகைகளின் இடைவெளியை அவர் அதற்கேற்ப அமைக்கக்கூடும்.

பதினெட்டு வயது நிறையாத மாணவர் என்றால் வழியே வேறு. கொடுங்குற்றமாக இல்லாத நிலையிலும், பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்ததாக இல்லாத நிலையிலும், 2016ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகளின்படி முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது; சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தகவல் போக வேண்டும். அவருக்குப் பொருளைக் கொடுத்தவர்மீது இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவைச் சேர்க்கக் கோருங்கள். புகையிலைக்கும் பொருந்தும் அந்தப் பிரிவில் ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு. பள்ளி வாசலில் புகையிலை விற்றதாகப் பிடிபட்டவர் 200 ரூபாய் அபராதத்தோடு திரும்பிப் போவது, புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மட்டும் எழுதுவதால்தான்.

களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் பிடிபட்டால் கேரளக் கலால் துறையின் ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும். குடும்பத்தாரின் தமிழ்ப் பிரமாண வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பைத் தயாராக வைத்திருங்கள். காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் உள்ளது. அது எந்த மாநிலத்துக்கும் பொருந்தும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446.

கொள்கை அளவில் பணியாற்றுவோர் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மாவட்டக் காவல் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய கட்டணத்தோடு மனு அனுப்புங்கள். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் பதிவான என்.டி.பி.எஸ். வழக்குகளில் சிறு அளவு எத்தனை, அவற்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தோடு முடிந்தவை எத்தனை, 64-ஏ பிரிவின் கீழோ 39ஆவது பிரிவின் கீழோ சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர் என்று காவல் நிலையம் வாரியாகக் கேளுங்கள். பெயர்களைக் கேட்க வேண்டாம். நோயாளியின் அந்தரங்கத்தை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு காக்கிறது. 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கிடைக்கும் எண்ணிக்கையை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுத்து, போதைப் பயன்பாட்டால் பாதிக்கப்பட்டோருக்கான தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுத் திட்டத்தின் கீழ், ரிமாண்டுக்குக் கொண்டுவரப்படும் ஒவ்வொரு சிறு அளவு வழக்கிலும் முதல் நாளே மனநல மருத்துவப் பரிசோதனை கேட்கும் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தும்படி கோருங்கள்.