பேலன்ஸ் பைக்: "வளரும் பிள்ளைதானே" என்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்

குட்டிப் பிள்ளைகளுக்குப் பேலன்ஸ் பைக் (பெடல் இல்லாமல் காலால் உந்தி ஓட்டும் இரு சக்கர வண்டி) பழக்கும் வேலையில் ஒரு விஷயம் அலுக்காமல் திரும்பத் திரும்ப நடக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு பெற்றோரும், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைச் சொல்லி வைத்தாற்போல் செய்கிறார்கள். ஹெல்மெட் போடுங்கள், வண்டி போகும் சாலையில் விடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டிவிடுகிறேன்.

பெரிய அளவாக வாங்குவது

"வளரும் பிள்ளைதானே, ரெண்டு வருஷம் சேர்த்து ஓட்டட்டும்." சட்டையை இப்படி வாங்கலாம், கையை மடித்து விட்டால் போயிற்று. சீட்டை எங்கே மடிப்பது?

இந்த வண்டியில் பெடல் இல்லை. பல மாடல்களில் பிரேக்கும் கிடையாது. உந்துவது, நிறுத்துவது, சாய்ந்தால் ஊன்றுவது எல்லாமே கால்தான். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிய வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நுனிவிரல் மட்டும் எட்டினால் உந்த வலு வராது. இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், ஒரு பக்கம் சாய்ந்தால் ஊன்றக் கால் எட்டாது. இரண்டு முறை விழுந்த பிள்ளை மூன்றாம் முறை பைக்கைக் கண்டாலே அழும்.

சமீபத்தில் ஓர் அப்பா, இரண்டரை வயது மகனைப் புத்தம்புது பைக்கோடு கூட்டி வந்தார். பையன் சீட்டில் உட்காரவே இல்லை. அதற்கு முன்னால் நின்றபடி வண்டியை இழுத்துக்கொண்டு நடந்தான். "சரியான பயந்தாங்கொள்ளி சார் இவன்" என்றார். சீட்டை இறக்கலாமென்று போனால், அது ஏற்கெனவே கடைசி மட்டத்தில்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு பாப்பாவின் சின்ன பைக்கைக் கேட்டு வாங்கி உட்கார வைத்தோம். நடந்தான், கொஞ்ச நேரத்தில் ஓடினான். பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயதை நம்பாதீர்கள், ஒரே வயதுப் பிள்ளைகளுக்குக் கால் நீளம் ஒன்றாக இருக்காது. ஷூ மாட்டி, சுவரோரம் நிற்க வைத்து, ஒரு புத்தகத்தைக் கவட்டுக்குக் கீழே ஒட்டிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளவெடுங்கள். 36 செ.மீ. வந்தால் சீட் 33 அல்லது 34 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அந்த அளவுக்கு இறங்காத பைக் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எடையையும் தூக்கிப் பாருங்கள். 12 கிலோ பிள்ளைக்கு 5 கிலோ பைக் பாரம்தான், 3 முதல் 4 கிலோவுக்குள் கிடைத்தால் நல்லது. வாங்கிய பிறகு மறந்துவிடவும் கூடாது. கால் நீள நீள சீட்டை ஏற்றிக்கொண்டே வாருங்கள், முழங்கால் நெஞ்சுக்கு வரும்படி ஓட்டும் பிள்ளைகளையும் பார்க்கிறேன்.

ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவது

வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பினால்தான் நிமிரும். பிள்ளை பழக வேண்டியதே அந்தச் சின்னச் சின்னத் திருப்பங்களைத்தான். ஹேண்டில் உங்கள் கையில் இருந்தால் பழகுவது நீங்கள். மனசு கேட்கவில்லையென்றால் பிள்ளையின் முதுகில் கை வையுங்கள்.

செருப்பு

கூடாது. விரலை மூடும் ஷூ.

சரிவு

காலால் நிறுத்தத் தெரியும் வரை வேண்டாம்.

ஹெல்மெட்டோடு சறுக்குமரம்

வார் எதிலாவது சிக்கினால் கழுத்தை நெரிக்கும். பைக்கை விட்டு இறங்கியதும் கழற்றிவிடுங்கள்.

பெடலுக்கு அவசரப்படுவது

1817-இல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக்காட்டிய இரு சக்கர வண்டியிலேயே பெடல் இல்லை. காலால் உந்தித்தான் போனார். பெடல் வைத்த வண்டி பரவியது 1860-களில். உங்கள் பிள்ளை சில மாதம் பொறுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் உருண்டு, வளைவிலும் திரும்பட்டும்.

அதற்குப் பிறகு பெடல் சைக்கிள் வாங்கி அதில் சைடு வீல் மாட்டுகிறவர்களை என்ன சொல்வது! சைடு வீல் இருந்தால் வண்டி சாயாது, சாய்ந்து திரும்பப் பழகியது அத்தனையும் வீண். மாட்டாதீர்கள். அதைவிட பிரேக்கைச் சொல்லிக்கொடுங்கள். காலை ஊன்றியே நிறுத்திப் பழகிய பிள்ளை, சைக்கிளிலும் முதலில் காலைத்தான் நீட்டும். ஏறுவதற்கு முன் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்கவிட்டு, "நிறுத்து" என்றதும் பிரேக்கைப் பிடிக்கும் விளையாட்டை ஆடுங்கள். கை எட்டாவிட்டால் லீவரை ஹேண்டிலுக்குப் பக்கமாக நெருக்கி வைக்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.