காணி வாங்குறீங்களா? வரிக் கேள்வியைச் சரியான இடத்தில கேளுங்க
மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் காணியோ வீடோ வாங்குகிற நிறையப் பேர் முத்திரைத் தீர்வை பற்றிக் கேட்க நேராக உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குத்தான் அழைக்கிறார்கள். அது இடம் மாறின அழைப்பு. காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வை மாகாண சபைக்குப் போவது, ஆகவே கிழக்கு மாகாண இறைவரித் திணைக்களத்திடம் கேளுங்கள். விற்கிறவர் தனக்கு வரும் இலாபத்துக்குக் கட்டவேண்டிய மூலதன ஆதாய வரி பற்றியென்றால் மட்டும் உள்நாட்டு இறைவரிக்கு, 1944 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம்.

கேட்க முதல் கணக்கை நீங்களே ஒருதரம் போட்டுப் பாருங்கள். விற்பனை உறுதிக்கான முத்திரைத் தீர்வை, பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 20 இலட்சம் ரூபாய்க் காணி என்றால் 3,000 உம் 76,000 உம் சேர்ந்து 79,000 ரூபாய் வரும். நொத்தாரிசு சொல்லும் தொகை இதைவிடக் கூடவென்றால் அதில் அவருடைய கட்டணம் எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், வெட்கப்படத் தேவையில்லை, உங்கள் காசு.

முக்கியமானது, தீர்வை பார்ப்பது சந்தைப் பெறுமதியை வைத்து. உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டால் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், பிறகு மதிப்பீடு செய்து மீதியைக் கேட்பார்கள்.

அப்புறம், பெற்றோர் பிள்ளைக்கு நன்கொடையாக எழுதும் உறுதிக்கு வீதம் வேறு, அதைத் தனியாகக் கேளுங்கள். தொலைபேசியில் பேசினாலும் உறுதியின் பிரதியோடு தமிழிலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.