கஞ்சாப் பண்ணையில் டேட்டா: எதை அளப்பது, எங்கிருந்து தொடங்குவது

உரிமம் பெற்ற கஞ்சாப் பண்ணையில் புதிதாகச் சேருபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த ஆப் நல்லது?" என்றுதான். ஆப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூன்று சென்சாரும் ஒரு எக்ஸெல் தாளும் போதும். ஒரு எண்ணைப் பார்த்ததும் கை எதையாவது மாற்ற வேண்டும். அப்படி எதையும் மாற்றாத எண்ணைச் சேகரிப்பது வெட்டி வேலை. உரிமத்துக்குள் மூடிய அறையிலோ பசுமைக்குடிலிலோ வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"பூவை அழுகவைக்கும் சாம்பல் பூஞ்சை எப்போது தொடங்குகிறது?", "ஒரு கிராமுக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது?" இப்படி ஒன்றோ இரண்டோ போதும். அந்தக் கேள்விக்குப் பதில் தராத சென்சாரை இப்போதைக்கு வாங்காதீர்கள்.

படி 2: சென்சாரைச் சோதித்துவிட்டு மாட்டுங்கள்

பெட்டியிலிருந்து எடுத்த ஈரப்பத சென்சாரை அப்படியே நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் சென்சாரையும் காற்றுப் புகாத பையில் ஒரு ராத்திரி முழுக்க வையுங்கள். 25 டிகிரியில் பைக்குள் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தில் நிற்கும். சென்சார் 71 காட்டினால், தாளில் 4 கூட்டிக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

சென்சாரைச் சுவரில் மாட்டாதீர்கள். செடியின் உச்சி உயரத்தில், விளக்கு வெளிச்சம் நேரடியாகப் படாமல், காற்று வந்துபோகும்படி மறைப்பு வைத்துத் தொங்கவிடுங்கள். இன்னொன்றை இலைகள் அடர்ந்த நடுப்பகுதியில் வையுங்கள். பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

படி 3: ஈரப்பதத்தோடு வெப்பத்தையும் சேர்த்துப் படியுங்கள்

"ஈரப்பதம் 60 சதவீதம்" என்று மட்டும் சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. செடிக்கு முக்கியம் ஆவியழுத்தப் பற்றாக்குறை, சுருக்கமாக விபிடி. காற்று இன்னும் எவ்வளவு ஈரத்தை இழுக்கும் என்பதற்கான அளவு அது.

25 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய உச்ச ஆவியழுத்தம் 3.17 கிலோபாஸ்கல். ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் இப்போது இருப்பது 1.90. பற்றாக்குறை 1.27. ஆனால் இலை காற்றைவிடக் குளிர்ந்து 23 டிகிரியில் இருந்தால், கணக்கை இலையின் 2.81-லிருந்து தொடங்க வேண்டும், பற்றாக்குறை 0.91 ஆகிவிடும். அதே அறை, அதே நேரம், ஆனால் வேறு முடிவு. அதனால் இலை வெப்பத்தை அளக்க ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விளக்கு அணையும் நேரத்துக்கு வருவோம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பூக்கும் பருவத்தில் வழக்கமாக 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. விளக்கு அணைந்ததும் அறை 25-லிருந்து 18 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றில் உள்ள ஈரம் அதே 1.90 தான். ஆனால் 18 டிகிரியில் உச்சமே 2.06. ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் சேராமலே ஈரப்பதம் 92 சதவீதத்துக்குப் போய்விட்டது! நெருக்கமான பூக்களுக்குள் சாம்பல் பூஞ்சை வளர இதைவிட நல்ல சூழல் வேண்டியதில்லை.

தினசரி சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. சராசரி 65 என்று அழகாக இருக்கும். அதனால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். ஒரு நாளின் வரைபடத்தில் விளக்கு அணைந்த பின் வரும் 2 மணி நேரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே மேடு தெரிந்தால், அன்றைய கடைசித் தண்ணீரை முன்னதாகவே முடித்துவிடுங்கள்; ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை விளக்கு அணைவதற்கு முன்பே ஓடவிடுங்கள்; வெப்பத்தை ஒரேயடியாக இறக்காமல் மெதுவாக இறக்குங்கள். அப்புறம் மறுநாள் அதே இடத்தை மறுபடி பாருங்கள்.

படி 4: தண்ணீருக்குத் தராசு

மண் ஈர சென்சார் இருந்தாலும், தொடங்குபவர்களுக்கு நான் தராசைத்தான் சொல்வேன். செடி உள்ள ஒரு தொட்டியைத் தராசின் மேலேயே விட்டுவிடுங்கள். தண்ணீர் விட்டு, வடிந்தபின் உள்ள எடையைக் குறியுங்கள். குறையும் ஒவ்வொரு கிலோவும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். எடை வழக்கத்தைவிட மெதுவாகக் குறைந்தால் வேரிலோ காற்றிலோ ஏதோ சரியில்லை. இலை வாடுவதற்கு முன்பே தராசு அதைச் சொல்லிவிடும். தொட்டியிலிருந்து வடியும் நீரின் இசி (கரைந்த உப்பின் அளவு), பிஎச் (அமில-காரத் தன்மை) இரண்டையும் அதே வரிசையில் எழுதுங்கள்.

படி 5: மின்சாரத்தைப் பிரித்து அளங்கள்

விளக்கு, ஏசி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் மூன்றுக்கும் தனித்தனி மீட்டர். அறுவடை முடிந்ததும் காய்ந்த பூவின் எடையை மொத்த யூனிட்டால் வகுத்தால், யூனிட்டுக்கு இத்தனை கிராம் என்று வரும். எடை போடும்போது பூ ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடே தப்பாகிவிடும். மூடிய அறையில் செலவின் பெரும்பங்கு இங்கேதான். அமெரிக்காவில் இந்தப் பயிர் மட்டும் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 1 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்று 2012-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

படி 6: தானியங்கியைக் கடைசியில் வையுங்கள்

வரைபடத்தைப் படிக்கப் பழகியபின் இஎஸ்பி32 போன்ற நிரல் எழுதக்கூடிய சிறு மின்னணு போர்டில் ரிலே (போர்டின் கட்டளைப்படி இயங்கும் சுவிட்ச்) சேர்த்து விசிறியை ஓட்டலாம். சென்சார் செத்துப்போனாலோ இணையம் அறுந்தாலோ விசிறி நிற்காமல் ஓடும்படி நிரலை எழுதுங்கள். அலாரம் இரண்டு போதும். நிறைய அடித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

உரிமம் உள்ள பல இடங்களில் விதையிலிருந்து விற்பனை வரை கணக்கு வைப்பது கட்டாயம். அதற்கென்று செடிக்கோ தொகுதிக்கோ கொடுக்கும் எண்ணையே உங்கள் எக்ஸெல் தாளின் முதல் நெடுவரிசையிலும் போடுங்கள். அடுத்த சுற்றில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று அந்த எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், விளைச்சல் கூடியது எதனால் என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.