வாத்துக்கு நம் சர்க்கரைக் கணக்கு ஒத்துவராது

சர்க்கரை நோயாளி இல்லாத தெரு தஞ்சாவூர்ப் பக்கம் ஏது? அதனால் இன்சுலின் என்ற பெயர் எல்லோருக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தில், மனித உடம்பின் கணக்கையே கோழிக்கும் வாத்துக்கும் போட்டுப் பார்ப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

கோழி ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வரை சர்க்கரை இருப்பது இயல்பு. அதை நோய் என்று நினைத்து மருந்து தேடாதீர்கள். வீட்டு மீட்டரில் சோதிக்கவும் வேண்டாம். மனித ரத்தத்துக்கென்று செய்த கருவி பறவை ரத்தத்துக்குச் சரியாகக் காட்டாது.

நம் தசையில், இன்சுலின் வந்து தட்டினால் குளூட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடும். கோழியின் மரபணுத் தொகுதியில் அந்தப் புரதத்துக்கான மரபணு தேடியும் கிடைக்கவில்லை. பறவைகளில் ஓங்கிய கை, அதே கணையம் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான குளுக்ககானுடையது. கல்லீரலிலிருந்து சர்க்கரையையும், சேமித்த கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்களையும் ரத்தத்தில் இறக்கிவிடுவது அதுதான். நாயின் கணையத்தை எடுத்தால் சர்க்கரை நோய் வரும் என்று 1889-இல் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் காட்டினார்கள். வாத்தின் கணையத்தை முழுவதும் எடுத்தால் நடப்பது நேர்மாறு: குளுக்ககானும் சேர்ந்து போய்விடுவதால் சர்க்கரை இறங்கிவிடுகிறது. இதை வைத்து இன்சுலினே பறவைக்கு வேண்டாத சரக்கு என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. கோழியில் இன்சுலினைச் செயலிழக்கச் செய்தால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது. தசை புரதம் சேர்ப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

மாணவர்கள் மதிப்பெண் இழக்கும் இடங்கள் இரண்டு. பறவையில் கொழுப்பை உடைக்கும் முதன்மை ஹார்மோன் அட்ரினலின் என்று எழுதுவது ஒன்று, அது குளுக்ககான். பறவையின் அழுத்த (ஸ்ட்ரெஸ்) ஹார்மோன் கார்டிசால் என்பது மற்றொன்று, முதன்மையானது கார்ட்டிகோஸ்டிரோன். லாரியில் நெருக்கி ஏற்றிய வாத்துகளில் ஏறுவது இதுதான். நாள்கணக்கில் ஏறியே இருந்தால் தசைப் புரதத்தையே கரைத்து எரிபொருளாக்கும்.

நெஞ்சுக்கறி எல்லாம் ஒன்று என்பதும் சரியல்ல. பிராய்லர் நெஞ்சு வெள்ளை: தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனை எரித்து நாலு அடி எழும்பிவிட்டு ஓய்ந்துபோகும் தசை. வாத்து, புறா நெஞ்சு கருஞ்சிவப்பு: ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சிவப்புப் புரதமான மயோகுளோபினும், செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவும் நிறைந்து கொழுப்பை எரிப்பது. செல் உணவை எரித்து ஆற்றல் எடுக்கும் சுழற்சியை 1937-இல் விஞ்ஞானி கிரெப்ஸ் கண்டறிய எடுத்துக்கொண்டது புறா நெஞ்சுத் தசையைத்தான். அறுவடையான வயலில் மேய்ச்சல் வாத்து பொறுக்கும் நெல்லின் மாவுச்சத்தில் ஒரு பங்கு கல்லீரலில் கொழுப்பாகிறது. பறவைக்குக் கொழுப்புத் தயாரிக்கும் முக்கிய இடம் கல்லீரல்; கொழுப்புத் திசு பெரும்பாலும் குதிர் மட்டுமே.

கோடியக்கரைக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே குளிர்காலம் கழிக்கும் கொசு உள்ளான் என்ற வலசைப் பறவை ஏறத்தாழ 25 கிராம்தான். சைபீரியத் துருவப் பகுதிக்குத் திரும்ப வேண்டும். கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரி தரும். கிளைக்கோஜன் 4 தான், அதிலும் கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைச் சுமக்கும். அதனால்தான் கிளம்பும் முன் கொழுப்பேற்றுகின்றன. பறக்கும் படம் வேண்டுமென்று உப்பளத்தில் கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்பிவிடுபவர், அந்தப் பயணச் செலவில்தான் கைவைக்கிறார். பங்குனியில் இதைச் செய்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி என்ற பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப்போகும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போடக் கட்டுப்படியும் ஆகாது, போட்டாலும் பெரிய பலன் இல்லை. வேகமாக வளர்வது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் பற்றி. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 2019-இல் இந்தியா உணவுக் கால்நடைகளுக்குத் தடை செய்தது.

அக்னி நட்சத்திர வெயிலில் கோழி தீவனத்தைத் தொடாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். தைராய்டு ஹார்மோனான டி3-ஐக் குறைத்து, உள்ளே எழும் சூட்டைத் தணிக்கப் பார்க்கிறது உடல். செரிமானமே சூடு கிளப்பும் வேலை. விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீவனம் போடுங்கள். உச்சிவேளையில் குளிர்ந்த தண்ணீர் மட்டும் நிறைய இருக்கட்டும்.