ஆட்குறைப்பில் முதலாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை வட்டாரத்துப் பவுண்டரிகளில், அதாவது உலோக வார்ப்பு ஆலைகளில், பணியாளர் நிர்வாகத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து வருகிறேன். ஆர்டர் குறைந்ததால் ஒன்பது பேரை நிறுத்த வேண்டிய நிலையிலிருந்த ஓர் இளம் மேலாளர், தாம் தயாரித்த கடிதங்களைச் சென்ற மாதம் என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். 2009இல் நான் எழுதிய அதே வரி அவற்றிலும் இருந்தது: "தங்களுக்குச் சேர வேண்டிய தொகை கணக்கு முடித்த பின் வழங்கப்படும்." மரியாதையாகப் பேச வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பவை எல்லோரும் அறிந்தவையே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடிதம் இன்று, பணம் பிறகு

ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்யும் முன், ஒரு மாத அறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும் என்றும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும் என்றும் 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவு கூறியது. அதன் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இந்த நிபந்தனைகளைத் தொடர்கிறது. இவை பின்னால் தீர்க்கும் கடன்கள் அல்ல, முன்நிபந்தனைகள். இழப்பீடு கொடுக்காமல் செய்த ஆட்குறைப்பு செல்லாது என்று ஹாஸ்பிட்டல் மஸ்தூர் சபா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

2009இல் நான் அந்தக் கடிதம் கொடுத்தது லேத் பிரிவில் பதினோரு ஆண்டு வேலை செய்த ஒருவருக்கு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. விடுப்புச் சம்பளம், முன்பணப் பிடித்தம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே காசோலையாகத் தரலாம் என்று கணக்குப் பிரிவு சொல்ல, நானும் ஒப்புக்கொண்டேன். ஆறு நாள் கழித்துக் கொடுத்த காசோலையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் தொழிலாளர் நீதிமன்றத்தில் அவருடைய வழக்கறிஞர் கடிதத்தையும் காசோலை நகலையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ள தேதியை மட்டும் என்னைப் படிக்கச் சொன்னார். ஆர்டர் குறைந்ததைக் காட்ட நாங்கள் கட்டிக்கொண்டு போன கோப்புகளை யாரும் பிரிக்கவே இல்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், சம்பள பாக்கியில் ஒரு பகுதியோடு அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவானது. அதுவரை அவர் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் அறிந்தேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

ஆகவே இழப்பீட்டையும் அறிவிப்புக் கால ஊதியத்தையும் மற்றக் கணக்குகளோடு கலக்காமல், கடிதத்துடனேயே கொடுத்துவிடுங்கள். கடிதத்தை வாங்க அவர் மறுப்பார் என்று தோன்றினால், அன்று காலையே வங்கிக் கணக்கில் தொகையைச் செலுத்திவிட்டு, கடிதத்தைப் பதிவு வசதியுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பணிக்கொடை வேறு, இந்த இழப்பீடு வேறு. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழிக்க முடியாது.

பிடிக்காதவரைப் பட்டியலில் சேர்ப்பது

அந்தந்தப் பணிப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பதுதான் பொதுவிதி. அதை மாற்றினால் காரணத்தை எழுதி வையுங்கள். மேற்பார்வையாளரின் மனக்கசப்பு காரணமாகாது.

ராஜினாமா எழுதி வாங்குவது

கூடவே கூடாது.

தலைக்கணக்குப் பார்க்காமல் இறங்குவது

தொழிற்சாலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு, பழைய சட்டத்தில் ஆலையில் மொத்தம் 100 தொழிலாளர். புதிய தொகுப்பில் 300.

உடனே புது ஆள் எடுப்பது

புதிய தொகுப்பின்படி, ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால் நிறுத்தப்பட்டவர்களுக்கே முன்னுரிமை. அந்த மேலாளரிடம், ஒன்பது பேரின் முகவரியையும் கைபேசி எண்ணையும் கடிதம் கொடுக்கும் அன்றே சரிபார்த்துக் கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.